கோழிகளின் குடற்புழுக்களும் கூடு நிற்கும் மண்ணும்

கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் காலத்தில் நமது கிராமங்களில் கோழிக்குஞ்சுகள் மெலிந்து மடிவது ஆண்டுதோறும் காணும் காட்சியாகும். பொரித்து ஐந்தாறு வாரம் வரையில் துடியாகத் திரிந்த குஞ்சுகள், பிறகு இறகு சிலிர்த்து, சிறகு தொங்க, ஓர் ஓரமாய் ஒடுங்கி நிற்கின்றன. இரை போட்டால் ஓடி வருகின்றன, தின்னவும் செய்கின்றன. ஆயினும் நெஞ்செலும்பு கத்திமுனை போல் துருத்திக் காண்கிறது; கொண்டையும் தாடியும் வெளுக்கின்றன. கழிச்சல் காண்பதும் உண்டு, காணாததும் உண்டு. இவ்வாறு பத்துப் பதினைந்து நாள் கிடந்து, நாளைக்கு ஒன்றாகச் சாகின்றன. குடியானவர்கள் இதனை வெள்ளைக்கழிச்சல் என்றோ, பனி தாக்கிற்று என்றோ, கண்ணேறு என்றோ சொல்லி விட்டுவிடுகிறார்கள். இவற்றுள் பல சாவுகள் குடற்புழுக்களால் நேருபவை. அப்புழுக்கள் பெரும்பாலும் கூடு நிற்கும் மண்ணிலிருந்தே குஞ்சின் வயிற்றுக்குள் போகின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நஞ்சையும் புஞ்சையும் உடைய பெரிய குடியானவர்களிற் சிலர், கோழி விஷயம் தம் கவனத்திற்குத் தகாத சில்லறை என்று எண்ணுகிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்டிரைக் கேட்டால் வேறு கணக்குத் தெரியவரும். முட்டை விற்ற காசும் சேவல் விற்ற காசும் ஆடவரிடம் கை நீட்டாமல் அவர்கள் கையில் புழங்கும் காசாகும். ஒரு பருவத்துக் குஞ்சுகள் மடிந்தால் அக்காசு முழுவதும் போயிற்று.

எனக்கு நேர்ந்த ஒரு தவறு

சில ஆண்டுகளுக்கு முன் கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றில் நிலக்கடலை விதைப்பைப் பார்வையிடச் சென்றிருந்தேன். நிலச்சொந்தக்காரரின் தாயார், எழுபது வயது இருக்கும், என்னைத் திண்ணையில் அமர்த்தி மோர் கொடுத்துவிட்டு, ஐப்பசியில் மூன்று அடைக்கோழிகள் பொரித்த 34 குஞ்சுகளில் 19 செத்துப் போயின என்று சொன்னார். பேத்தியின் பள்ளிக்கூடச் செலவுக்கென்று வைத்திருந்த குஞ்சுகள் அவை. அன்று காலையில் செத்த ஒன்று குப்பைமேட்டில் கிடந்தது. அதை எடுத்துவரச் செய்து குடலைக் கீறிப் பார்த்தேன். வெந்த சேமியாவைத் திணித்தாற்போல் வெண்மஞ்சள் நிறப் புழுக்கள் அடைத்துக் கிடந்தன. சிறுகுடலின் நடுவில் விரலளவு இடத்தில் குடல் முழுவதும் அடைபட்டிருந்தது.

கால்நடை மருந்தகத்து வைத்தியரைக் கலந்து, எடைக்குத் தக்கபடி பைப்பரஸீன் மருந்தைக் குடிநீரில் கலந்து கொடுக்கச் செய்தேன். மறுநாள் எச்சத்தோடு புழுக்கள் சுருள் சுருளாக வந்து விழுந்தன. வீட்டார் வியந்தனர். நானும் என் நாட்குறிப்பில் ‘குணம்’ என்று எழுதிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனேன்.

தை மாதக் கடைசியில் மறுபடியும் அங்கே போக நேர்ந்தது. மீந்த குஞ்சுகளில் பாதிக்குமேல் முன்போலவே மெலிந்திருந்தன. மருந்து கெட்டுப்போன சரக்கோ என்று ஐயுற்றேன். அப்போது அந்த அம்மாள், “தம்பி, தோட்டத்துச் சாளையில் விட்ட குஞ்சுகளுக்கு ஒன்றும் இல்லையே! இங்கே வீட்டுப் பக்கம் இருப்பவைதாம் இப்படி ஆகின்றன” என்றார். சாளை என்பது தோட்டத்தில் போட்டிருக்கும் குடிசை. அங்கே ஒரு கோழியும் அதன் ஒன்பது குஞ்சுகளும் இருந்தன. அவற்றுக்கு நான் மருந்தே கொடுக்கவில்லை. ஒன்பதும் கொழுத்துத் திரிந்தன.

அப்பொழுதுதான் எழுந்து கூட்டைச் சுற்றிப் பார்த்தேன். முதல் நாளே செய்திருக்கவேண்டிய காரியம் அது. வீட்டுக் கோழிக்கூடு இருபது ஆண்டுகளாகப் புளியமரத்து நிழலில் ஒரே இடத்தில் நின்றது. குளியலறைச் சலதாரை அதன் ஓரமாக ஓடிற்று. மண் எப்போதும் ஈரம். குஞ்சுகளுக்கு நொய்யரிசியும் கம்பும் அந்த ஈர மண்ணிலேயே இறைக்கப்பட்டன. நான் புழுவை வெளியேற்றினேனேயன்றி, வெளியேறியது எங்கே போயிற்று என்று பார்க்கவில்லை.

புழுக்களின் வகை

நாட்டுக்கோழியின் குடலில் பல வகைப் புழுக்கள் உண்டு. அவற்றுள் குடியானவர்கள் அறியவேண்டியவை மூன்று.

முதலாவது பெரிய உருண்டைப் புழு. இதனைச் சாஸ்திரிகள் அஸ்காரிடியா காலி என்பர். ஆண் புழு இரண்டு முதல் மூன்று அங்குலமும், பெண் புழு மூன்று முதல் நாலரை அங்குலமும் இருக்கும். சிறுகுடலில் வாழும். குஞ்சுகளை மடிவிப்பதில் இதுவே முதன்மையானது. பின்வரும் விவரங்கள் பெரும்பாலும் இதனைப் பற்றியவை.

இரண்டாவது குருட்டுக்குடற் புழு. கோழிக்குச் சிறுகுடல் முடியுமிடத்தில் இரண்டு பைகள் முட்டுச்சந்து போல நீண்டிருக்கும், அவையே குருட்டுக்குடல்கள். அவற்றின் நுனியில் அரை அங்குல அளவில் வெள்ளை நூற்றுண்டுகள் போல இப்புழு நெளியும். கோழிக்கு இதனால் நேரும் தீங்கு அற்பமே. ஆனால் வான்கோழி வளர்ப்போர் இதனை எமனாக எண்ணவேண்டும். கருந்தலை நோய் எனப்படும் வான்கோழிகளின் கொடிய ஈரல் வியாதிக்குக் காரணமான நுண்ணுயிர், இப்புழுவின் முட்டைக்குள் புகுந்து மறைந்து வாழ்கிறது. அமெரிக்காவில் கிரேபில், தியோபால்ட் ஸ்மித் என்னும் இருவர், முதிர்ந்த இப்புழுமுட்டைகளை வான்கோழிகளுக்கு ஊட்டி அந்நோயை உண்டாக்கிக் காட்டியது 1920-ஆம் ஆண்டில். கோழி நலமாகவே திரியும். அது கிளறிய மண்ணில் மேயும் வான்கோழி சாகும். ஆகையால் இவ்விரண்டையும் ஒரே முற்றத்தில் வளர்ப்பது தகாது. கோழி நின்ற இடத்தில் அடுத்த ஆண்டு வான்கோழியை விடுவதும் தகாது.

மூன்றாவது நாடாப்புழு. இது தட்டையாய், கணுக்கணுவாய் இருக்கும். சில ஜாதிகள் பத்து அங்குலம் வரை நீளும். சில கண்ணுக்கு எட்டாத அளவு சிறியவை. இதன் முட்டையைக் கோழி நேரே தின்றால் ஒன்றும் நேராது. அம்முட்டையை எறும்போ, சாணவண்டோ, ஈயோ முதலில் தின்று, அதன் உடம்பில் புழுக்கரு வளர்ந்து, பிறகு அப்பூச்சியைக் கோழி கொத்தித் தின்றால்தான் நாடாப்புழு உண்டாகும். எந்த ஜாதிக்கு எந்தப் பூச்சி என்பதில் வேறுபாடு உண்டு. ஒரு ஜாதி குடற்சுவரில் கடுகளவும் மிளகளவுமான முடிச்சுகளை உண்டாக்கும். அறுத்துப் பார்ப்போர் அதைக் காசநோய்க் கட்டி என்று மயங்குவதுண்டு.

மயிரினும் மெல்லிய புழுக்களும் உண்டு. அவை பூதக்கண்ணாடியின்றிப் புலப்படா. ஆகையால் விவரிக்காது விடுகிறேன்.

மண்ணில் நடப்பது

பெரிய உருண்டைப் புழு இடும் முட்டைகள் ஆயிரக்கணக்கில் எச்சத்தோடு வெளிவருகின்றன. கண்ணுக்குத் தெரியா. வெளிவந்த அன்றே அவற்றைக் குஞ்சு தின்றால் கேடில்லை. முட்டைக்குள் கரு முதிர்வதற்கு மண்ணில் வெப்பமும் ஈரமும் காற்றும் வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் இரண்டு வாரத்தை ஒட்டி அது நிறைவேறிவிடும். அதன் பின்னர் அம்முட்டை தொற்றவல்லதாகிறது. தினந்தோறும் எச்சத்தை வாரும் வீட்டில் குஞ்சுகள் பிழைப்பதற்கும், வாரத்திற்கு ஒரு முறையும் வாராத வீட்டில் மடிவதற்கும் காரணம் இதுதான்.

முதிர்ந்த முட்டையைக் குஞ்சு இரையோடு விழுங்கினால், உள்ளே புழு வெளிப்பட்டு ஒரு வாரத்திற்குச் சற்று மேல் குடலுக்குள் திரியும். பிறகு குடற்சுவரின் மெல்லிய சவ்வில் தலையை நுழைத்துக்கொண்டு மேலும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும். சவ்வு புண்பட்டு இரத்தம் கசிவதும், குஞ்சு வெளுப்பதும் இக்காலத்தில்தான். பின்னர் மீண்டும் குடலின் நடுவே வந்து வளர்ந்து, குஞ்சு தின்ற இரையைத் தான் தின்னும். முட்டையை விழுங்கியது முதல் அப்புழு தானே முட்டையிடும் வரையில் இளங்குஞ்சில் ஐந்தாறு வாரம் செல்லும். மூன்று மாதம் கடந்த கோழியில் இன்னும் அதிகம். எனவே ஐப்பசியில் பொரித்த குஞ்சு மார்கழியில் மெலிவது கணக்குப்படி நடக்கும் காரியமேயாகும்.

மண்ணில் கிடக்கும் முட்டை எத்தனை நாள் உயிரோடிருக்கும்? நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் ஓராண்டுக்கு மேலும் கிடக்கும். சாதாரணமாகத் தெளிக்கும் கிருமிநாசினிகள் அதன் தடித்த ஓட்டைத் துளைப்பதில்லை. சுண்ணாம்புத்தூள் தூவுவது நல்ல வழக்கமே. அது மண்ணின் ஈரத்தை வாங்கும். ஆனால் தூவியதனாலேயே முட்டை செத்தது என்று இருந்துவிடலாகாது. அதனைக் கொல்லவல்லவை நேர் வெயிலும், உலர்வும், கொதிநீரும் நெருப்புமே. மேலும், மண்புழு இம்முட்டைகளை விழுங்கி வயிற்றில் வைத்திருக்கும். மழைக்காலத்தில் மண்புழு மேலே வருகிறது. கோழி அதை விரும்பித் தின்கிறது. முட்டை கோழிக்குப் போய்ச் சேருகிறது.

வளர்ந்த கோழிகள் ஏன் சாவதில்லை என்று பலர் கேட்பதுண்டு. அவற்றின் வயிற்றிலும் புழு உண்டு. அமெரிக்காவில் கான்ஸாஸ் ராஜ்யத்து விவசாயக் கலாசாலையில் ஜேம்ஸ் ஆக்கர்ட் என்பவர், சென்ற நூற்றாண்டின் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இதனை நெடுங்காலம் ஆராய்ந்தார். வயது ஏற ஏறக் குடற்சவ்வில் வழுவழுப்பான சளிநீர் அதிகமாய்ச் சுரந்து இளம்புழுக்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று அவரும் உடனிருந்தோரும் கண்டனர். ஏ வைட்டமின் குறைந்த தீனி தின்ற குஞ்சுகளில் புழு மிகுதியாய்ப் பிடிப்பதையும் அவர்கள் கண்டிருக்கிறார்கள். இதிலிருந்து நாம் அறிவன இரண்டு. தாய்க்கோழியே நோயின்றி நின்று குஞ்சுகளுக்குப் புழுவைப் பரப்பும் உக்கிராணம் என்பது ஒன்று. வெறும் நொய்யரிசியில் வளரும் குஞ்சுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்பது மற்றொன்று. முருங்கைக்கீரையும் குதிரைமசாலும் பொடியாய் அரிந்து கொடுப்பது செலவில்லாத காரியம். பழம்பானையில் காய்ந்த சாணமும் கந்தற்சாக்கும் திணித்து, நீர் தெளித்து, புற்றருகே கவிழ்த்து வைத்து மறுநாள் கறையானைத் தட்டிக் குஞ்சுகளுக்குக் கொடுப்பது நம் முன்னோர் கண்ட உபாயம். குஞ்சின் சதை வளர்ச்சிக்கு அதனினும் மலிவான தீனி கிடைப்பது அரிது. இவ்வழக்கம் மறைந்து வருவது எனக்கு வருத்தமே.

மண்ணுக்கும் புழுவுக்கும் உள்ள தொடர்பை மெய்ப்பிக்கும் பெரிய சான்று ஒன்று உண்டு. நாமக்கல் பகுதியில் முட்டைக்கோழிகளைக் கம்பிக்கூண்டுகளில் வளர்க்கிறார்கள். எச்சம் கம்பிவழியே கீழே விழுந்துவிடுவதால் கோழி அதனைத் தீண்ட வழியில்லை. ஆகையால் பெரிய உருண்டைப் புழு அங்கே தலையெடுப்பது அரிது. ஈ பறந்து போகக்கூடுமாதலால் நாடாப்புழு மட்டும் அங்கும் தொல்லை தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகள் கோழிகளின் சுகத்தைக் கருதிப் பழைய மாதிரிக் கூண்டுகளை 2012-ஆம் ஆண்டு ஜனவரி முதல் விலக்கிவிட்டன. தரையிலும் வெளியிலும் கோழிகளை விடத் தொடங்கிய பண்ணைகளில், மறந்துபோயிருந்த உருண்டைப் புழு மறுபடியும் பெருகிற்று. நாட்டுக்கோழியைக் கூண்டில் அடைக்கவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கிளறி மேய்வதே அதன் இயல்பும், செலவில்லாமல் அது வளர்வதற்குக் காரணமும் ஆகும். எச்சத்தையும் குஞ்சின் அலகையும் பிரித்து வைப்பதற்கு ஏதேனும் வழி செய்தே ஆகவேண்டும் என்பதே கருத்து.

அந்த அம்மாள் வீட்டில் செய்தது இது. கூட்டைப் புளியமரத்தடியிலிருந்து எடுத்து, காலைமுதல் வெயில் படும் மேட்டில் வைத்தோம். தரைக்கு ஒன்றரை அடி உயரத்தில், மூங்கிற்பிளாச்சுகளை விரல் நுழையும் இடைவெளி விட்டு அடித்துத் தளம் போட்டோம். எச்சம் கீழே விழும். கோழிகள் கீழே நுழையாதபடி சுற்றிலும் முள்கட்டினோம். காலையில் கோழிகளைத் திறந்துவிட்டவுடன் அடியிலுள்ள எச்சத்தை வாரிக் குழியில் கொட்டுவது பேத்தியின் வேலையாயிற்று. பழைய கூடு நின்ற இடத்தில் மூன்று அங்குல ஆழம் மண்ணைச் சுரண்டி எடுத்து, கோழி போகாத தூரத்துப் புஞ்சையில் பரப்பினோம். சலதாரையை வாழைக்குத் திருப்பினோம். தீனியையும் நீரையும் தரையில் வைக்காமல், குறுக்கே பிளந்த மூங்கிற்குழாயிலும் மண்தாலத்திலும் வைக்கச் சொன்னேன்.

குஞ்சுகளின் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே சென்றோம். தாயையும் குஞ்சுகளையும் மற்றக் கோழிகளோடு விடாமல், வீட்டின் மறுபக்கத்தில் இதுவரை கோழி நடமாடாத களத்தோரத்தில் பஞ்சாரத்தின்கீழ் வைத்தோம். பஞ்சாரத்தைத் தினமும் ஓர் அடி, இரண்டடி தள்ளி வைக்கவேண்டும்; நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்கலாகாது. எட்டு வாரம் வரையில் இவ்வாறு காத்தார்கள். மறு வருஷம் பொரித்த 38 குஞ்சுகளில் ஐந்து செத்தன. அவற்றுள் இரண்டு பருந்து கொண்டுபோனவை.

எச்ச எருவைப்பற்றி ஒரு வார்த்தை. கோழி எரு தழைச்சத்து மிகுந்தது, வீணாக்கத் தகாது. ஆனால் புதிய எச்சத்தை அப்படியே கீரைப்பாத்திக்குப் போட்டு, அதில் குஞ்சுகளைக் கிளறவிடுவது விதையைத் தூவி நீர் பாய்ச்சுவதற்கு ஒப்பாகும். குழியில் வைக்கோற்கூளத்தோடு அடுக்கி நீர் தெளித்து மூடினால் உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறும். அச்சூட்டில் முட்டைகள் சாகும். மேலோரத்தில் சூடு ஏறாது. ஆகையால் ஒரு மாதத்தில் ஓரத்தை நடுவிலும் நடுவை ஓரத்திலுமாக மாற்றி அடுக்கவேண்டும்.

அறுத்துப் பார்த்தல்

புழுவா, வேறு வியாதியா என்று தெரியாமல் மருந்து கொடுப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவது. வெள்ளைக்கழிச்சல் என்பது 1920-களில் குமாவூன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டு அவ்வூர்ப் பெயரால் வழங்கும் வியாதி. அது சிறிது பெரிது பாராமல் தெருவிலுள்ள கோழிகளை இரண்டு மூன்று நாளில் வாரிக்கொண்டு போகும். மூச்சுத்திணறலும், வெளிர்பச்சைக் கழிச்சலும், கழுத்துத் திருகலும் காணும். இரத்தக்கழிச்சல் மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளுக்கு வரும். எச்சத்தில் இரத்தம் தெரியும். புழுவோ மெல்ல மெல்ல மெலிவித்துக் கொல்லும்.

மெலிந்து செத்த குஞ்சை மல்லாத்தி, இறகை நீரால் நனைத்து, வயிற்றுத்தோலைக் கத்தரிக்கோலால் வெட்டுக. இரையை அரைக்கும் கெட்டியான தசைப்பை முதல் எச்சவாய் வரையில் குடலை எடுத்து, ஒரு தட்டில் நீர் விட்டு அதில் இட்டு, நீளவாக்கில் கீறிப் பிரித்தால் உருண்டைப் புழு தானே மிதந்து வரும். குருட்டுக்குடல்களின் நுனியைத் தனியே கீறிப் பார்க்கவேண்டும். நாடாப்புழு தலையால் சவ்வைப் பற்றிக்கொண்டிருக்கும், இழுத்தால் அறும். ஒன்றிரண்டு உருண்டைப் புழு இருப்பது பெரும்பாலான நாட்டுக்கோழிகளுக்கு உள்ளதே. அதைக்கொண்டு அதுவே சாவுக்குக் காரணம் என்று துணியலாகாது. பத்து இருபது என்று திரண்டிருந்தால் ஐயமில்லை. வேலை முடிந்தபின் குடலையும் உடலையும் எரிக்கவோ ஆழக் குழிதோண்டிப் புதைக்கவோ வேண்டும், நாய்க்குப் போடலாகாது. கையைச் சவுக்காரமிட்டுக் கழுவுக.

ஓர் எச்சரிக்கை. திடீரென்று பல கோழிகள் ஒருங்கே செத்தால், அவற்றை அறுக்கவேண்டாம். வெறுங்கையால் தொடவும் வேண்டாம். 2006-ஆம் ஆண்டில் மஹாராஷ்டிரத்து நவாப்பூரில் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட பறவைக்காய்ச்சல் மனிதரையும் பற்றக்கூடியது. அத்தகைய சாவை அன்றே கால்நடை வைத்தியருக்கு அறிவிப்பது கிராம அதிகாரிகளின் கடமையாகும்.

மருந்து

பைப்பரஸீன் பெரிய உருண்டைப் புழு ஒன்றுக்கே நன்றாய் வேலை செய்யும். குருட்டுக்குடற் புழுவையும் நாடாப்புழுவையும் அது வெளியேற்றாது. பென்பெண்டஸோல், ஆல்பெண்டஸோல் முதலியவை இன்னும் பலவகைப் புழுக்களின்மேல் செல்லும். நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டல் என்னும் மருந்து தனியே உண்டு. எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எத்தனை நாள் தொடர்வது என்பதை வைத்தியர் சொல்லவேண்டும். குடியானவர் செய்யவேண்டியது எடையைச் சரியாகச் சொல்வது. வயதுவாரியாகப் பத்துக் கோழிகளைச் சாக்கில் இட்டுத் தராசில் தூக்கி, பத்தால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். ஆட்டுக்கு வாங்கிய மருந்தைக் குத்துமதிப்பாய் ஊற்றுவதும், மனிதருக்குரிய மாத்திரையைக் கிள்ளிப் போடுவதும் பலவிடங்களில் நடக்கின்றன. சில குஞ்சுகள் புழுவால் சாகாமல் மருந்தால் சாகின்றன.

நீரில் கலக்கும் மருந்தானால் இரவில் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துவிட்டு, விடியற்காலையில் மருந்து நீரைக் கொஞ்சமாக வைத்தால் யாவும் விரைவில் குடித்துவிடும். மெலிந்த குஞ்சுகள் வலியவற்றால் ஒதுக்கப்படுமாதலால், அவற்றைப் பிரித்து வைத்துக் கொடுக்கவேண்டும்.

இனி, நான் தவறிய இடத்துக்கு வருகிறேன். பைப்பரஸீன் புழுவைக் கொல்வதில்லை, செயலற்றுப்போகச் செய்கிறது. குடல் அதை உயிரோடு வெளியே தள்ளிவிடும். வெளிவரும் பெண்புழு ஒவ்வொன்றின் வயிறும் முட்டைகளால் நிறைந்தது. அப்படியிருக்க, மருந்து கொடுத்த நாளில் கோழிகளை முற்றத்தில் திரியவிட்டால், ஆறு மாதத்து எச்சத்தால் சேரும் கேடு இரண்டு நாளில் சேர்ந்துவிடும். ஆகையால் மருந்து கொடுத்தபின் இரண்டு மூன்று நாள் கோழிகளை அடைத்தே வைத்து, கீழே சாக்கோ தாளோ விரித்து, எச்சத்தையும் புழுக்களையும் வாரி எரித்துவிடவேண்டும். குடற்சவ்வில் தலைநுழைத்திருக்கும் இளம்புழுக்கள் முதல் மருந்துக்குத் தப்பிவிடும். எனவே மூன்று வாரம் கழித்து மறுமுறை கொடுப்பது அவசியம். கூட்டை இடம் மாற்றுவது இவ்விரண்டு முறைகளுக்கும் இடையில் நடந்தால் நன்று.

வேப்பிலை, குப்பைமேனி, வாழைத்தண்டுச் சாறு முதலியவற்றை நம்மவர் கொடுத்து வருகிறார்கள். கொடுப்பதைத் தடுக்கமாட்டேன், ஆனால் குஞ்சு தள்ளாடும் நிலையில் அவற்றை நம்பி நாளைக் கடத்துவது தகாது. கொட்டைப்பாக்கைப் பொடித்துக் கொடுப்பதை மட்டும் விலக்குக. அதிலுள்ள சத்து நாடாப்புழுவை அசைக்கவல்லதே. அளவு சிறிது மிஞ்சினாலும் குஞ்சுக்கு விஷம்.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியவை

கோழிக்கு வேலி தெரியாது. ஒரு வீட்டுக் கோழிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அடுத்த வீட்டு எச்சம் அதன் பலனைக் கெடுக்கும். ஆகையால் தெரு முழுவதற்கும் ஒரே நாளில் கொடுக்க ஏற்பாடு செய்வது நன்று. தமிழ்நாட்டில் கால்நடைத் துறையார் பிப்ரவரி மாதத்தில் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி முகாம் நடத்துகிறார்கள். அதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாகப் புழுமருந்து கொடுத்து முடித்திருக்கவேண்டும். புழு மிகுந்த கோழிக்குப் போட்ட தடுப்பூசி முழுப் பலன் தருவதில்லை என்று ஆராய்ச்சிகளில் காணப்பட்டிருக்கிறது. ஊசி போட்டும் செத்தது என்று ஜனங்கள் குறைகூறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். முகாமின் தேதி தெரிந்தவுடன், மருந்து கொடுக்கும் நாளையும் சேர்த்து ஒலிபெருக்கியில் அறிவிப்பது எளிது.

சந்தையில் வாங்கிவரும் கோழியை நேரே கூட்டில் சேர்க்கலாகாது. மூன்று வாரம் தனியே கட்டி வைத்து, மருந்து கொடுத்து, அதன் எச்சத்தை எரித்தபின் சேர்க்கவேண்டும். சண்டைக்கென்று விலையுயர்ந்த சேவல் வாங்குவோர்க்கும் இது பொருந்தும். விலை அதிகமென்றால் புழு குறைவென்பதில்லை. செத்த கோழிகளை ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் எறியும் வழக்கத்தைக் கண்டித்து, ஊருக்கு வெளியே ஒரு குழிக்கு இடம் ஒதுக்கவேண்டும்.

புழுவுள்ள கோழியின் இறைச்சியை உண்ணலாமா என்று எங்கும் கேட்கிறார்கள். இப்புழுக்கள் மனிதருக்கு வருவதில்லை. குடலை நீக்கி நன்றாய் வேகவைத்தால் கேடில்லை. எப்போதேனும் முட்டையை உடைக்கையில் உள்ளே ஒரு வெள்ளைப் புழு கிடப்பது உண்டு. பில்லிசூனியம் என்று அதைக்கண்டு பயந்த வீடுகளை நான் அறிவேன். எச்சவாயும் முட்டைக்குழாயும் ஒரே இடத்தில் சேர்வதால், குடலிலிருந்து வந்த புழு வழிதவறி முட்டைக்குழாயில் ஏறி, ஓடு மூடுமுன் முட்டைக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. அந்த முட்டையை எறிந்துவிட்டு, அதை இட்ட கோழியைப் பிடித்து எடை போடுக. மருந்து கொடுத்த கோழியின் முட்டையையும் இறைச்சியையும் எத்தனை நாள் விலக்கவேண்டும் என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும். வைத்தியரிடம் மருந்து வாங்கும்போதே அதைக் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்க.